உப்புக்காற்றில் ஒரு தூக்குப்போசி

ஆர்லாண்டோவில் அக்கா வீட்டில் போய் இறங்கிய மறுநாள் காலை, காபி டம்ளரோடு அம்மாவின் தூக்குப்போசியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள் அக்கா. "முப்பது வருசம் பால் பண்ணையில எவர்சில்வரோடயே கெடந்தவனாச்சே. இது ஏன் துருப்புடிக்குதுன்னு சொல்லு கண்ணு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மூடியும் பிடியும் பளபளவென்றுதான் இருந்தன. போசியின் வயிற்றில் அம்மா பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளிகளுக்குள் மட்டும் செம்பழுப்பு ஏறியிருந்தது. "ஊருல இருந்தவரைக்கும் இப்படி இல்ல. எல்லாம் இந்த ஊர்த் தண்ணி" என்று தீர்ப்பையும் அவளே சொல்லிவிட்டாள். பெயர் வெட்டிய ஊசியின் இரும்புத்தூள் உள்ளே தங்கியிருக்கும் என்று நான் ஒரு காரணம் சொன்னேன். பால் பண்ணைப் பொறியாளன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். நான் சொன்னது பாதிதான் சரி. அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

மருமகன், அக்கா மகன், டைட்டஸ்வில் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கிறான். வால்வு, குழாய் இணைப்பு, பிடிப்பான் என்று துருப்பிடிக்கக் கூடாத உருப்படிகளைக் கடைந்து கொடுக்கிற இடம். அவன் ஸ்டெயின்லெஸ் என்பான், எனக்கு எவர்சில்வர்தான். யோசித்தால் நம் சொல் கொஞ்சம் வேடிக்கையானது. வெள்ளியே கறுக்கும். என்றைக்கும் கறுக்காத வெள்ளி என்று பெயர் வைத்தவன் நிச்சயம் பாத்திர வியாபாரியாகத்தான் இருப்பான். "என்கூட வாங்க மாமா, ராக்கெட்டும் பார்க்கலாம், கடலும் பார்க்கலாம், கடைசியா எங்க பட்டறையும் பார்க்கலாம்" என்றான்.

ஆர்லாண்டோவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம். ஃபுளோரிடா தட்டையான பூமி. இந்தப் பக்கம் கரடு, குன்று எதுவும் கிடையாது. மேடு என்று சொல்ல ஏதாவது இருந்தால் அது பாலமாகத்தான் இருக்கும். இந்தியன் ரிவர் என்று பெயர்ப்பலகை சொல்கிற நீர்ப்பரப்பு ஆறே அல்ல, கடலோரக் காயல். அதன் அக்கரையில் 160 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கிறது. ராக்கெட்டுகளை நிற்கவைத்துப் பூட்டும் கட்டடம் அது. பக்கத்தில் ஒப்பிட ஒன்றுமில்லாததால் முதலில் சின்னதாகத் தெரிந்தது. அரை மணி நேரம் போன பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றபோதுதான் அதன் அளவு உறைத்தது.

கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்தை விரிவாக எழுதப் போவதில்லை. கூட்டமும் வரிசையும் பொம்மைக் கடையும் எல்லா ஊரிலும் உண்டு. ராக்கெட் தோட்டம் என்று ஓரிடம் வைத்திருக்கிறார்கள். அங்கே அட்லஸ் ராக்கெட்டின் கீழே மட்டும் வெகுநேரம் நின்றேன். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரக் கிளம்பியது இந்த இனத்தில்தான். அதன் எரிபொருள் தொட்டி முழுக்க எவர்சில்வர் தகடு. சில இடங்களில் அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. உள்ளே காற்றழுத்தம் கொடுத்து பலூன் மாதிரி உப்பவைத்திருந்தால்தான் நிற்கும். அழுத்தம் போனால் தன் கனத்திலேயே மடிந்துவிடும். நம் வீட்டு அண்டாவின் தகடு இதைவிடக் கெட்டி. எடை குறைய வேண்டுமென்று இவ்வளவு மெலிதாக்கினார்கள். இந்தத் தகட்டில் துரு ஓர் ஊசித்துளை போட்டால் போதும் என்று என் மனம் அந்தப் பக்கமே போனது. தொழில் புத்தி.

மறுநாள் பிளாயாலிண்டா கடற்கரை. டைட்டஸ்வில் பாலத்தைத் தாண்டி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் சாலை போகிறது. இருபக்கமும் நீர்முள்ளும் புல்லுமாகச் சதுப்பு. கூழைக்கடாக்கள் மின்கம்பத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கனாவரல் என்றால் ஸ்பானிய மொழியில் நாணல்காடு. ராக்கெட் வந்த பிறகும் பெயருக்குப் பங்கம் வரவில்லை. கடற்கரையை ஒட்டி வரிசையாக வண்டி நிறுத்தங்கள். "கடைசி நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டாமுங்க மாமா. அங்க துணியில்லாம குளிக்கறவங்க இருப்பாங்க" என்றான் மருமகன். போகவில்லை.

மணல்மேட்டில் ஏறினால் தெற்கே ஏவுமேடை தெரிகிறது. கடலுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு மணல் திட்டும் கொஞ்சம் புதரும்தான். கன்னத்தைத் தடவினால் விரலில் உப்பு. இந்த இடத்தைத்தான் இரும்பாலான கோபுரங்களுக்கும் ஆயிரக்கணக்கான அடி குழாய்களுக்கும் தேர்ந்தெடுத்தார்கள். ராக்கெட் உடைந்தால் ஆள் இல்லாத கடலில் விழட்டும் என்பது காரணம். நியாயமான காரணம்தான், ஆனால் உப்புக்கு அந்த நியாயம் தெரியாது. குளோரைடு என்பது எவர்சில்வரின் பரம எதிரி. மேற்பரப்பு முழுவதும் அரிக்காது. ஒரு பலவீனமான புள்ளியைப் பார்த்து அங்கே குழி பறிக்கும். வெளியே குண்டூசித் தலை அளவு, உள்ளே குகை.

விண்வெளி ஓடக் காலத்தில் இதைவிட மோசம். 1981 முதல் 2011 வரை 135 முறை இங்கிருந்து ஓடங்கள் கிளம்பின. பக்கவாட்டில் இருந்த திட எரிபொருள் ராக்கெட்டுகளின் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்திருக்கும். ஒரு தடவைக்குச் சுமார் 70 டன். ஏற்கெனவே உப்புப் படிந்த குழாயின் மேல் அமில மழை. 304, 316 வகை எவர்சில்வர் குழாய்களிலேயே குழிவிழுந்து கசிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் பால் பண்ணையில் 316 என்றால் ராஜமரியாதை. சாதாரணத் தொட்டிக்கெல்லாம் கொடுக்கமாட்டோம்.

ஏவுமேடைக்குத் தெற்கே கரையோரமாக நாசா ஒரு துருத்தோட்டம் வைத்திருக்கிறது. துருத்தோட்டம் என்பது நான் வைத்த பெயர். 1966-லிருந்து நடக்கும் அரிமானச் சோதனைக் களம். அலையின் உச்சக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டரில், கடலைப் பார்த்தபடி சாய்வுச் சட்டங்களில் வரிசையாக உலோகத் துண்டுகளை மாட்டிவைத்து, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வேடிக்கை பார்க்கிறார்கள். வட அமெரிக்காவில் இரும்பு இவ்வளவு வேகமாக அரிக்கிற இடம் வேறு பதிவாகவில்லை. அப்பளம் காயவைக்கிற மாதிரி என்றான் மருமகன். நம்மை உள்ளே விடமாட்டார்கள். நான் படத்தில்தான் பார்த்தேன்.

அந்தச் சட்டங்களில்தான் எலுமிச்சை உப்பும் பரீட்சை எழுதியது. நம் மளிகைக் கடையில் வெள்ளைக் கல்கண்டுத் தூள் மாதிரிக் கிடைக்குமே, அதே சிட்ரிக் அமிலம்.

பழைய வழக்கம் நைட்ரிக் அமிலம். கடைந்து முடித்த எவர்சில்வர் உருப்படியை அதில் முக்கி எடுப்பதற்கு பாசிவேஷன் என்று பெயர். அமெரிக்க அரசு, ராணுவ விதிகளும் நாசாவின் விதிகளும் வெகுகாலம் நைட்ரிக்கை மட்டுமே சொல்லிவந்தன. 2000-களின் பிற்பகுதியில்தான் நாசா சிட்ரிக்கைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது: ஒரே உலோகத்தில் பாதி நைட்ரிக்கில் குளித்த துண்டு, பாதி சிட்ரிக்கில் குளித்த துண்டு, இரண்டும் கடலோரச் சட்டத்தில். சிட்ரிக் தோற்கவில்லை. பானத் தொழிலில் இது முன்பே தெரிந்த வித்தைதான். பீர்ப் பீப்பாயின் உட்புறத்தில் இரும்பு ஒட்டியிருந்தால் ருசி கெடும் என்பதால் அவர்கள் சிட்ரிக்கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். குடிகாரன் நாக்கு கண்டுபிடித்ததை ராக்கெட்காரர்கள் உறுதிசெய்தார்கள் என்று சொன்னால் மருமகன் கோபித்துக்கொள்வான்.

நைட்ரிக் எனக்குப் பழைய சிநேகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பண்ணையில் புதிதாக ஒரு பால் தொட்டி வந்தது. செய்துகொடுத்த பட்டறையில் சாதா இரும்பைத் தேய்த்த அதே சாணைக்கல்லால் இதையும் தேய்த்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டு அலசி ராத்திரி விட்டுவிட்டோம். காலையில் பார்த்தால் தொட்டியின் உள்சுவரெங்கும் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். மூத்த ஃபோர்மேன் நைட்ரிக் கரைத்துக் கழுவச் சொன்னார். கழுவினோம். புள்ளி போயிற்று, என் சட்டையில் ஐந்து ஓட்டை, வலது கை விரல்கள் இரண்டு வாரத்துக்கு மஞ்சள். தோலிலிருக்கும் புரதத்தை நைட்ரிக் அப்படி மஞ்சளாக்கிவிடும், சோப்புப் போட்டால் போகாது. எதிர்வீட்டுப் பாட்டி எனக்குக் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, நைட்ரிக் எவர்சில்வர்மேல் ஏதோ ஒரு பூச்சுப் பூசுகிறது, அதனால்தான் துரு வருவதில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குள் நுழைந்தபோது மூக்கைத்தான் முதலில் தயாராக வைத்துக்கொண்டேன். நைட்ரிக் தொட்டியின் பழுப்புப் புகை தொண்டையில் ஏறும் என்று உடம்புக்கு நினைவிருக்கிறது. ஒன்றும் இல்லை. சரி, எலுமிச்சை மணமாவது வருமா என்றால் அதுவும் இல்லை. சிட்ரிக் அமிலத்துக்கு மணமே கிடையாது. பழத்தின் மணமெல்லாம் தோலிலுள்ள எண்ணெயில். குளிப்பாட்டும் தொட்டிகள் வரிசையாக இருந்தன. முதலில் காரச் சோப்புத் தொட்டி. எண்ணெய்ப் பிசுக்குப் போகாமல் அமிலத்தில் போட்டால் வேலைக்காகாது. பிறகு நல்ல தண்ணீர். பிறகு சிட்ரிக், நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு. மறுபடி தண்ணீர், உலர்த்தல். 1996-இல் வந்த ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்கிற விதிநூல் சூடு கூடக் கூட நேரத்தைக் குறைக்கிறது: 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் 4 நிமிடம் போதும், 50-க்கு மேல் 10 நிமிடம், அதற்கும் கீழே வெதுவெதுப்பில் 20 நிமிடம். சோறு வடிக்கிற கணக்குத்தான்.

"அப்ப பூச்சு எத்தனை மைக்ரான் கனம் வரும்?" என்று கேட்டேன்.

மருமகன் சிரிக்காமல் இருக்க முயன்றான். "ஒண்ணுமே பூசறதில்லீங்க மாமா. கழுவி விடுது, அவ்வளவுதான். தோல் தானா வளந்துக்கும்."

இரும்பில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடி மாதிரித் தெளிவு. கீறினால் காற்றுப் பட்டதும் திரும்ப வளரும். அவ்வளவு நல்ல தோல் இருக்கும்போது அமிலம் எதற்கு? கடைசல் உளி, சாணைக்கல், கம்பித் தூரிகை எல்லாம் தங்கள் இரும்புப் பொடியை எவர்சில்வர்மேல் அப்பிவிட்டுப் போகின்றன. அந்தப் பொடி உட்கார்ந்த இடத்தில் தோல் முழுசாக மூடுவதில்லை. முதலில் பொடி துருப்பிடிக்கும். அதன் அடியில் குளோரைடு புகுந்து பாத்திரத்தையும் குழிபறிக்கத் தொடங்கும். அன்று என் தொட்டியில் துருப்பிடித்தது எவர்சில்வர் இல்லை, சாணைக்கல்லில் ஒட்டிவந்த வேற்று இரும்பு. நைட்ரிக் அதைக் கரைத்தது. அது ஆக்சிஜனேற்றியும்கூட, ஆகையால் தோல் வளரவும் கைகொடுத்தது. ஆனால் கூடவே நிக்கல், குரோமியத்திலும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வரும். அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி.

சிட்ரிக் முரடன் இல்லை. அதன் மூலக்கூறு இரும்பு அயனியைப் பல கைகளால் கவ்விக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். வேதியியலில் இதற்கு கீலேஷன் என்று பெயர். கிரேக்கத்தில் நண்டுக் கொடுக்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. காலையில் பிளாயாலிண்டாவில் மணல் நண்டுகள் எதையோ கவ்விக்கொண்டு வளைக்குள் ஓடியதைப் பார்த்திருந்ததால் எனக்கு இது உடனே புரிந்தது. வேற்று இரும்பைக் கவ்விப் போன பிறகு மேற்பரப்பில் குரோமியத்தின் விகிதம் கூடுகிறது. மிச்ச வேலை காற்றுடையது.

வேலை நடந்ததா என்று பார்க்க அவர்கள் செய்யும் ஒரு சோதனை எனக்குப் பள்ளிக்கூடத்தை நினைவூட்டியது. மயில்துத்தக் கரைசலைத் தடவி 6 நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருக்கிறார்கள். இரும்பு எங்கேயாவது ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். ஆணியை மயில்துத்தத்தில் போட்டுச் செம்பாக்குகிற வித்தைதான். "பால் படற பாத்திரத்துல இதைச் செய்யக் கூடாது, தெரியுமா?" என்று என் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தேன். உணவு படும் பரப்புக்கு அந்தச் சோதனை வேண்டாமென்று விதியிலேயே இருக்கிறது. அவனுக்கும் தெரிந்திருந்தது.

சிட்ரிக்கைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பற்றவைத்த இடத்தில் நீலமும் வைக்கோல் நிறமுமாக வெந்த தழும்பு வருமே, அதை இது எடுக்காது. அதற்கு முரட்டு அமிலக் கலவையோ தேய்ப்போ வேண்டும். 304-ஐ எத்தனை முறை குளிப்பாட்டினாலும் 316 ஆகாது, அதிலுள்ள மாலிப்டினம் இதில் இல்லை. தொட்டியைச் சும்மா விட்டால் பூஞ்சை பிடிக்கும். "அதுக்குன்னு மருந்து போட்டு வெச்சாத்தான் நிக்குது" என்றான். அந்தப் பூஞ்சை சமாசாரம் திரும்பும் வழியில் இன்னொரு திருப்பம் எடுத்தது.

மெரிட் தீவு வழியாக வந்தோம். ராக்கெட்டுக்கு முன் இந்தத் தீவுக்கு ஆரஞ்சுதான் பெயர். 1830 வாக்கில் டக்ளஸ் டம்மெட் என்பவர் இங்கே போட்ட தோட்டம், 1835-இல் ஃபுளோரிடா முழுக்க உறைபனியில் ஆரஞ்சு மரங்கள் செத்தபோதும் காயல் வெப்பத்தில் பிழைத்தது. இந்தியன் ரிவர் பழம் என்கிற பெயருக்கு அது ஒரு தாய்வேர். 1960-களில் நாசா நிலத்தை எடுத்துக்கொண்டபோது தோட்டங்களும் வேலிக்குள் அகப்பட்டன. ஏவுமேடையின் அயலில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உறைபனி, அதன்பின் 2005-இல் ஃபுளோரிடாவுக்குள் வந்த கிரீனிங் நோய். ஒரு சின்னப் பூச்சி பரப்பும் அந்த நோயில் காய் பச்சையாகவே வெம்பி உதிரும். 1997-98 பருவத்தில் 24.4 கோடிப் பெட்டி ஆரஞ்சு கண்ட மாநிலம், 2022-23-இல் 1.6 கோடிப் பெட்டியைத் தொடவில்லை. சாலையோரம் ஒரு பழக்கடைப் பலகை மட்டும் இருந்தது. கடை இல்லை.

இப்படிப் பழத்தோட்டங்கள் போன மண்ணில் ராக்கெட்டுக்குச் சிட்ரிக் வந்திருக்கிறதே என்று நான் கவிதையாக ஏதோ ஆரம்பித்தேன். மருமகன் விடவில்லை. "அந்த ஆசிட்டுக்கும் பழத்துக்கும் இப்ப சம்பந்தமே இல்லீங்க மாமா." உண்மைதான். 1784-இல் ஸ்வீடனின் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான் முதலில் படிகமாக எடுத்தார்; சுண்ணாம்பில் படியவைத்துக் கந்தக அமிலத்தால் பிரிக்கிற அந்த முறையில் இத்தாலி வெகுகாலம் ஆண்டது. 1917-இல் ஜேம்ஸ் கரி, கருப்புப் பூஞ்சை ஒன்று சர்க்கரையைத் தின்று சிட்ரிக் அமிலம் கக்குவதைக் காட்டினார். இரண்டே ஆண்டில் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. வெங்காயத் தோலில் கரும்பொடியாகப் படியுமே, அந்த இனப் பூஞ்சைதான் அது. பூஞ்சை செய்கிற அமிலத்தின் தொட்டியிலேயே பூஞ்சை வந்து மேய்கிறது என்றால், அது தாய்வீட்டுக்கு வந்த மாதிரிதானே.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எலுமிச்சை உப்பு எங்கே வாங்கலாம் என்றேன். பால் திரிக்க வைத்திருந்த டப்பாவை அலமாரியிலிருந்தே எடுத்தாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். முதலில் சோப்புப் போட்டுப் பிசுக்கெடுத்து, சூடு கை தாங்காத அளவில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, போசியை உள்ளே இறக்கினோம்.

"பேரு அழிஞ்சுடாதே?" என்றாள் அக்கா.

"பேரு அப்படியே இருக்கும்மா. பேருக்குள்ள இருக்கறதுதான் போகும்" என்றான் மகன்.

அரை மணி நேரம் மூன்று பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. எடுத்து அலசி வெளிச்சத்தில் பிடித்தால், எழுத்துகளில் வெறும் உலோக நிறம். கடைசி எழுத்தில் ஒரு புள்ளி மட்டும் கறுப்பாக நின்றது. அங்கே குழி விழுந்துவிட்டிருக்கிறது, அதற்கு எந்த அமிலமும் மருந்தில்லை. சரி, ஊசியின் இரும்பு என்றால் ஊரிலிருந்த நாற்பது வருடமும் ஏன் துரு வரவில்லை என்கிற கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. ஊரில் அம்மா தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா போசியை வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். "ஆசிட்டு பட்டதாச்சே, ஒரு தேய்ப்புத் தேச்சு வெச்சுடறேன்" என்று குழாயைத் திறந்து, ஓரத்தில் ஊறிக்கிடந்த சோப்பு வைத்த இரும்புக் கம்பிநாரைக் கையில் எடுத்தாள். பாதி கரைந்து, செம்பழுப்பாக, நுரையோடு.

நானும் மருமகனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.